கழுத்து மாறிய உத்தரியம்

வெள்ளிமலை வழி,
கல்வராயன் மலை.
9.6.2025

ஷீபா அக்காவுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. போன டிசம்பர் வெள்ளத்தின்போது கள்ளக்குறிச்சியில் பிணவறைக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் நாம் இருவரும் இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் ஒரு பன்னைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். "தின்னுடி, அழுவறதுக்கும் தெம்பு வோணும்" என்று அதட்டினீர்கள். அந்த மீனாதான் நான். உங்கள் வீட்டுக்காரர் ஆல்பர்ட் அண்ணன் ஓட்டிய கரும்பு டிராக்டரில் லோடு ஏற்றப் போன இரண்டு பேரில் என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வன் ஒருவர். இன்னொருவன் எங்கள் ஊர் ராசு.

கரும்பு மேஸ்திரியிடம் உங்கள் விலாசம் வாங்கினேன். எங்கள் ஊரில் டவர் கிடையாது. பாறை மேல் ஏறி நின்றால் போன் பேசலாம், ஆனால் இது பாறை மேல் நின்று கத்துகிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

டிராக்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போன அன்று ராசுவை மட்டும் தரைப்பாலத்துக்குக் கீழே ஒரு கருவேல மரத்திலிருந்து உயிரோடு இறக்கினார்கள் அல்லவா? கால் முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்தான். வாயே திறக்கவில்லை. கால் ஊன்றியதும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டான். போன வாரம்தான் ஊருக்கு வந்தான். என்னைப் பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்று அழுதான்.

"அந்த டிரைவர் அண்ணன் தங்கமான மனுசன்க்கா. தன் கழுத்துல கெடந்த சாமிக் கயித்தக் கயட்டி நம்ம வெற்றி கழுத்துல மாட்டினாரு. நான் கண்ணால பாத்தேன்" என்றான்.

என்ன கயிறு என்று கேட்டேன். பழுப்புக் கயிற்றில் இரண்டு சின்னத் துணித் துண்டுகள், அதில் குழந்தை வைத்திருக்கும் அம்மா படம் என்றான்.

அக்கா, முதலில் வந்த உடம்பை நீங்கள் அந்தக் கயிற்றை வைத்துத்தான் அடையாளம் சொன்னீர்கள். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. "இது என் தையலு, இவரு எங்க வூட்டுக்காரருதான்" என்று நீங்கள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு உடம்பு வந்தது. காணாமல் போனவர்களில் மிச்சம் ஒருவர்தானே என்று அதை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் சாமைக் கொல்லை ஓரத்தில் புதைத்திருக்கிறோம்.

அப்படியானால் உங்கள் கல்லறையில் இருப்பது என் வீட்டுக்காரர். எங்கள் கொல்லையில் இருப்பது ஆல்பர்ட் அண்ணன்.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு மூன்று நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். பதில் போடுங்கள் அக்கா. திட்டியாவது போடுங்கள்.

மீனா

*

கள்ளக்குறிச்சி
14.6.2025

மீனா என்பவருக்கு,

திட்டியாவது எழுது என்றாயே, இந்தா வாங்கிக்கொள்.

உன் கடிதம் வந்தபோது ஒரு கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே மிஷினை மிதித்திருக்கிறேன். ஊசி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. வலிக்கவே இல்லை. ரவிக்கையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ராசு சொன்ன சாமிக் கயிற்றுக்கு உத்தரியம் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் ஜூலையில் உத்தரிய மாதா திருநாளுக்கு நானே தைத்து, மாதா கோயில் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி, என் கையால் அவர் கழுத்தில் போடுவேன். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். உத்தரியத்தோடு சாகிறவர் நரக நெருப்பைப் பார்க்கமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படிப்பட்டதைக் கழற்றி இன்னொருத்தருக்கு மாட்டினார் என்று மிளகு பறிக்கப் போனவன் ஒருவன் வந்து சொன்னால் நான் தலையாட்ட வேண்டுமா? வெள்ளத்தில் கிடந்தவனுக்கு எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்று என்ன தெரியும்?

நான் இந்த ஆறு மாதம் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டம். மெழுகுவத்தி ஏற்றி, ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசுவேன். கேஸ் தீர்ந்தது, எங்கள் பொண்ணு மெர்லின் கணக்கில் முப்பத்தெட்டு எடுத்தது, அவர் அம்மா செபஸ்தியம்மாள் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடிப்பது, எல்லாவற்றையும் சொல்வேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும். வீட்டுக்கு வந்து நாலு வாய் சாப்பிடுவேன். அந்த நாலு வாயில்தான் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓடும். ஆண்டவர் எனக்கு விட்டுவைத்த ஒரே இடம் அது. அதையும் நீ ஒரு இன்லாண்டு கடிதத்தில் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாய்.

சரி, நீ சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். முகம் போனால் என்ன, கை கால் இல்லையா? நான் உத்தரியத்தைப் பார்த்ததும் துணியை மூடச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீயும் அப்படியா மூடச் சொன்னாய்? கூட வாழ்ந்தவளுக்குத் தன் புருஷன் உடம்பு தெரியாதா? அன்று ஏன் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாய்?

இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் என்னை விட்டுவிடு.

ஷீபா ஆல்பர்ட்

*

வெள்ளிமலை வழி
23.6.2025

அக்கா,

நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே மரம் வெட்டும்போது போய்விட்டது. அன்று என் முன்னால் கிடந்த உடம்பில் பத்து விரலும் இருந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினேன்.

என் மாமியார் வெள்ளச்சி பக்கத்தில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஊர்க்காரர்கள் வண்டி காத்திருக்கிறது என்றார்கள். ஒருவர் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அங்கே யார் மேலும் தப்பு இல்லை அக்கா. கேட்டார்கள், நான்தான் ஆமாம் என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இது அவர் இல்லை என்றால் அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? வெள்ளம் எங்கேயாவது ஒதுக்கியிருக்கும், அடிபட்டுப் பேர் மறந்து கிடப்பார், ஒருநாள் வருவார் என்று நினைத்தேன். நான் வாய் திறந்து இது அவர் இல்லை என்று சொன்னால் மறுபடி தேடுவார்கள். தேடினால் கிடைத்துவிடுவாரோ என்று பயம். எனக்கு அவர் கிடைக்கவேண்டாம் அக்கா. வரவேண்டும்.

முதலில் வந்த உடம்பு அவராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள்தான் அத்தனை உறுதியாகச் சொன்னீர்களே. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்காகப் பொட்டை அழித்தேன். தாலியைக் கழற்றி உளுந்துப் பானைக்குள் போட்டு வைத்தேன், அவர் வந்ததும் திரும்பக் கட்டச் சொல்லலாம் என்று. பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். எங்கள் மலைச்சாமி கரியராமருக்கு வேண்டிக்கொண்டேன். ஆறு மாதமாக ஊரில் எல்லாருக்கும் நான் விதவை, எனக்கு மட்டும் இல்லை.

ராசு அந்தக் கயிற்றைப் பற்றிச் சொன்ன அன்றுதான் அக்கா என் வீட்டுக்காரர் செத்தார்.

மீனா

*

கள்ளக்குறிச்சி
1.7.2025

மீனா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன்னை என்ன செய்தால் தகும் என்று யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெழுகுவத்தி வாங்கினேன். கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் போனேன். அதற்குமேல் கால் நகரவில்லை. அங்கே சிமெண்டில் ஆல்பர்ட் என்று பேர் எழுதியிருக்கிறது. நான்தான் நின்று எழுத வைத்தேன். அதைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கத் தோன்றியது. பக்கத்துக் கல்லறையில் பூப்போட வந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மெழுகுவத்தியை ஏற்றாமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மெர்லின், "ஏம்மா, அப்பாக்கு ஏத்தலியா?" என்றாள். காற்று ஜாஸ்தி என்று பொய் சொன்னேன்.

பத்து விரல். ஆமாம், என் வீட்டுக்காரருக்குப் பத்து விரலும் உண்டு. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. அதனால் இன்னும் நான் நம்பவில்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி படுத்தால் வேறு ஒரு பயம் வந்து நெஞ்சில் உட்காருகிறது. நீ சொல்வது நிஜமாக இருந்தால் அவர் உத்தரியம் இல்லாமல் செத்திருக்கிறார். பூசை இல்லை, மந்திரித்த தண்ணீர் இல்லை, குழியில் ஒரு சிலுவை இல்லை. ஆறு மாதமாக நான் சொன்ன ஜெபமெல்லாம் வேறொருவர் தலைமாட்டில் சொன்னது. அவர் எங்கே நிற்கிறார்? கதவைத் திறந்து உள்ளே விட்டார்களா இல்லையா? இதை யாரிடம் கேட்பேன்? சாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் முதல் மணியிலேயே நிற்கிறது. எங்கள் அம்மா செத்தபோதும், என் பெரிய குழந்தை மூன்று மாதத்தில் போனபோதும் நிற்காதது இப்போது நிற்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், பொய் சொல்லாதே. அன்று அவரைப் புதைக்கும்போது யாராவது அழுதார்களா? நீ அழுதாயா? இது யார் பெற்ற பிள்ளையோ என்றாவது நினைத்தாயா? எல்லாரும் போடுகிற மண்ணில் நீ ஒரு கைப்பிடி போட்டாயா?

ஷீபா

*

வெள்ளிமலை வழி
12.7.2025

அக்கா,

பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டீர்கள்.

என் மாமியார் அழுதார். ஊரே அழுதது. நான் அழவில்லை. மண்ணும் போடவில்லை. கொல்லை வரப்பில் தள்ளி உட்கார்ந்திருந்தேன். நான் மண் போட்டால் என் வீட்டுக்காரர் மேல் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று கையை இறுக்கி மூடிக்கொண்டேன். அழுது அழுது வறண்டுபோச்சு பாவம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அந்த உடம்பு யாருடையது, அதற்கும் ஒருத்தி இருப்பாளே என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை அக்கா. நீங்கள் எனக்குப் பன் கொடுத்தவர்.

இப்போது தினமும் போகிறேன். ஆடு மேயாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். எங்கள் சாமிக்குப் படைக்கிற பூவைத்தான் வைக்கிறேன், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது.

ராசுவை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தரைப்பாலத்தின் நடுவில் இஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மூன்று பேரும் கரும்புக் கட்டு மேல் ஏறி உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. உடம்பெல்லாம் உதறியிருக்கிறது.

"அண்ணன் அதக் கயட்டி வெற்றி கழுத்துல போட்டாருக்கா. வெற்றி, 'நான் உங்க சாமியக் கும்புடற ஆளு இல்லியேண்ணா'ன்னான். அதுக்கு அண்ணன், 'மாதா இன்னா ரேஷன் கடையா நடத்துறாங்க, கார்டு பாத்து குடுக்க? பேசாம போட்டுக்கோடா'ன்னாரு. அந்த நேரத்துலயும் மூணு பேரும் சிரிச்சோம். அப்புறந்தான் லோடு சாஞ்சிது. நான் எப்படியோ மரத்தப் புடிச்சிக்கினேன். அண்ணனுக்கு நீச்சல் நல்லாத் தெரியும். வுட்டுட்டு வந்திருந்தா கரையேறியிருப்பாரு. வெற்றியோட கைய வுடவே இல்ல. ரெண்டு பேரு தலையும் ஒண்ணாத்தான் போச்சி."

இந்தக் கடைசி வரிகளை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்து ஒருமுறை பட்டது போதும்.

அக்கா, எனக்குக் கேட்க வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எங்களில் செத்தவர் தன் கொல்லையில்தான் இருக்கவேண்டும், அப்போதுதான் விதைக்கும்போது அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். இந்த வருடம் சாமை விதைக்கிறபோது எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. என் வீட்டுக்காரரை எனக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் கல்லறையைத் தொடமாட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் மாட்டேன் என்றால் நான் வேறு யாரிடமும் போகமாட்டேன்.

மீனா

*

கள்ளக்குறிச்சி
17.7.2025

மீனாவுக்கு,

ரேஷன் கடை என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து முதல் தடவை. சிரித்து முடிப்பதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது அவர் பேச்சு. நான் இரண்டாவது தோசை வைக்கத் தாமதமானால், "இன்னாடி, கார்டு பாத்துத்தான் போடுவியா?" என்பார். இதை எந்த ராசுவும் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. என் தையலை வைத்து நான் தப்பாகச் சொன்னேன். அவர் வாயை வைத்து இப்போது சரியாகச் சொல்கிறேன். மலையில் இருப்பது என் வீட்டுக்காரர்தான்.

அடுத்த வரியில் நீச்சல். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை, கசக்கிப் போட்டேன், பிறகு எடுத்து நீவினேன். நீந்தி வந்திருக்கலாமே! பொண்டாட்டி இருக்கிறாள், பன்னிரண்டு வயதில் பொண்ணு இருக்கிறாள், எவன் கையையோ பிடித்துக்கொண்டு போகத்தான் வேண்டுமா? இரண்டு நாள் அவரோடு சண்டை. எங்கே போய்ச் சண்டை போடுவது? கல்லறைக்குப் போனால் அங்கே இருப்பது உன் வீட்டுக்காரர். வேறு வழி இல்லாமல் அவரிடமே போட்டேன். "நீயாவது கைய வுட்டிருக்கக் கூடாதா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்று உத்தரிய மாதா திருநாள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். மெர்லின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனக் கூண்டில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க முட்டி போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். என் புருஷன் உத்தரியம் இல்லாமல் செத்தார் ஃபாதர், அவர் கதி என்ன என்று கேட்டேன். உள்ளிருந்து சத்தமே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார். படித்தவர் ஒருவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

பிறகு பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. சும்மா சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற சிலுவைதான். நேற்றுத்தான் கவனித்தேன், அவர் கழுத்திலும் ஒன்றும் இல்லை. போட்டிருந்த துணியைக்கூட விட்டுவைக்காமல் உருவிக்கொண்டுதானே ஏற்றினார்கள். அப்படிப் போனவருக்கு, தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவனை அடையாளம் தெரியாமல் போகுமா? அதற்குப் பிறகு பயம் இல்லை மீனா. துக்கம் இருக்கிறது, அது இருக்கட்டும். பயம் போய்விட்டது. இதற்குமேல் என் வீட்டுக்காரரை வாசலில் நிற்க வைத்தால் மாதாவாக இருந்தாலும் நான் போய்ச் சண்டை போடுவேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மண் போடவில்லை என்றாயே, அது முள் மாதிரி இருக்கிறது. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஒரு கயிற்றைப் பார்த்துவிட்டுத் துணியை மூடச் சொன்னவள்தானே நான். கால் வரைக்கும் பார்த்திருந்தால் விரல் கணக்கு எனக்கும் தெரிந்திருக்கும்.

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பங்குச் சாமியாரும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். அன்று பிணவறையில் எடுத்து வைத்ததோடு மெர்லின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். மெர்லினிடமும் என் மாமியாரிடமும் இன்று சாயங்காலம் சொல்லவேண்டும். எனக்காக உன் சாமியிடம் கேள்.

உன் வீட்டுக்காரரை உனக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஷீபா

*

வெள்ளிமலை வழி
15.10.2025

அக்காவுக்கு,

கள்ளக்குறிச்சியில் கல்லறையைத் திறந்த அன்று நாம் எதிரெதிரே நின்றோம். ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனையோ எழுதிவிட்டோம், நேரில் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. மெர்லின் என்னிடம் வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அச்சாக உங்களைப் போலவே அதட்டுகிறாள்.

மறுநாள் மலையில் நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

பரிசோதனைக் காகிதம் வந்த பிறகும் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மண்ணைத் திறந்தால் மழை போய்விடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். ஒரு வருடம் ஆகப்போகிற குழியைத் திறக்க யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. தாசில்தார் என்னைப் பார்த்து, "நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" என்றார். ஊர் முழுக்க நின்றது. நான் சொன்னேன். "இது எங்க வூட்டுக்காரரு இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

என் மாமியார் எழுந்து வந்து அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தார். "எம் புள்ளய ஒரு வருசம் அநாதையா வுட்டுட்டியேடி" என்று தலைமயிரைப் பிடித்தார். யாரும் விலக்கவில்லை. நானும் விலகவில்லை. பிறகு ராசுதான் வந்து அவர் கையைப் பிடித்தான். நான் மாமியாரிடம், உங்கள் பிள்ளை அநாதையாக இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அக்கா மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார் என்று சொன்னேன். தலைமயிரை விட்டுவிட்டார். "இன்னா பேசுவா?" என்றார். கேஸ் தீர்ந்தது, பொண்ணு மார்க்கு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை அவரே வெட்டினார்.

ஆல்பர்ட் அண்ணனை வண்டியில் ஏற்றும்போது நான் அழுதேன். பத்து மாதம் தாமதம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே கேட்டேன், உங்களிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரரை எங்கள் கொல்லையில் புதைக்கும்போது அவர் கழுத்தில் உத்தரியம் அப்படியே இருந்தது. சிலர் கழற்றச் சொன்னார்கள். முடியாது என்றேன். அது அவருக்குக் கொடுத்தது.

என்னோடு ஊரில் முக்கால்வாசிப் பேர் பேசுவதில்லை. மாமியாரும் பேசுவதில்லை. நேற்றுத்தான் முதல் தடவை வாய் திறந்தார். "அந்த மெழுகுவத்திப் பொண்ண நான் பாக்கணும்" என்றார்.

தாலியைப் பானையிலிருந்து எடுத்து அவரோடு வைத்துவிட்டேன்.

மீனா

*

கள்ளக்குறிச்சி
3.11.2025

மீனா, தங்கச்சி,

நேற்று கல்லறைத் திருநாள். வருடத்தில் ஒருநாள் எங்கள் கல்லறைத் தோட்டம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும். குடும்பம் குடும்பமாக வந்து சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு, சாமியார் தீர்த்தம் தெளிக்கக் காத்திருப்பார்கள். நானும் மெர்லினும் என் மாமியாரும் போனோம். அதே இடம்தான், அதே சிமெண்டுதான், அதே பேர்தான். இப்போது கீழே இருக்கிறவரும் அதே ஆள். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீ அவரிடம் கேட்டது போதும். அவர் மன்னித்தால் நான் மன்னித்த மாதிரி. அவர் எந்தக் காலத்திலும் யார்மேலும் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அந்த வேலையை எப்போதும் என் தலையில்தான் கட்டுவார்.

மெர்லின் பாட்டியைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் போய்விட்டாள். நான் இருந்தேன். மெழுகுவத்தி ஏற்றினேன். ஜெபமாலை முழுசாகச் சொன்னேன், ஒரு மணியில்கூட நிற்கவில்லை. முடித்துவிட்டு, இனிமேல் அவரிடம் பேசலாம் என்று வசதியாக உட்கார்ந்தேன். பதினோரு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் என் முன்னால் வந்திருக்கிறார், எவ்வளவு பேச இருக்கும்!

ஒன்றும் வரவில்லை மீனா. கேஸ் விஷயம், மார்க் விஷயம், மழையில் வடக்குச் சுவர் ஊறினது, மெர்லின் பெரிய மனுஷி ஆனது, மூன்று மாதம் தூக்கம் இல்லாமல் செத்துவிடலாமா என்று நான் நினைத்தது, பிறகு வேண்டாம் என்று எழுந்தது, எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன். திரும்ப முதலிலிருந்து சொல்ல வாய் வரவில்லை. "எல்லாத்தையும் வெற்றி கிட்ட சொல்லிட்டேன்ங்க, நீங்க அவரையே கேட்டுக்குங்க" என்றேன். அவர்களுக்கு அங்கே பேசப் பழக நேரம் இருக்கும் என்று நான் நம்புகிறேன். கையைப் பிடித்துக்கொண்டே போனவர்கள் அங்கே போய்ப் பிரிந்தா நிற்பார்கள்?

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கள் இடத்துக்கு வந்ததும் நின்று, ஆல்பர்ட் பேரோடு சேர்த்து வெற்றிசெல்வன் பேரையும் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே சொன்னார். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. முதலில் என்னவென்றே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் துக்கத்தில் இருக்கிறேன். முதல் நாள் மாதிரி, ஆள் இப்போதுதான் போன மாதிரி.

உன் மாமியாரிடம் சொல், அந்த மெழுகுவத்திப் பொண்ணு வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறுகிறாள் என்று. மெர்லினையும் கூட்டிவருகிறேன். எனக்கு விருந்து எதுவும் வேண்டாம். என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெற்றி பக்கத்தில் கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிடு. ஆறு மாதம் நான் அழுததை எல்லாம் கூட இருந்து கேட்டவர் அவர்தான். அவருக்காக நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

உன் அக்கா,
ஷீபா